திலாப்பியாவின் தாய்வீடு

பாயான் லெப்பாஸில், பத்து மாவுங் பக்கம், மீனுக்கென்றே ஓர் அனைத்துலக ஆய்வு நிலையம் இருக்கிறது. பெயர் வோர்ல்ட்ஃபிஷ். மணிலாவிலிருந்து 2000ஆம் ஆண்டில் பினாங்குக்குக் குடிவந்தது. நாம் சந்தையில் வாங்கும் திலாப்பியாவின் கதையில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. (தமிழ்நாட்டில் இதே மீன் 'ஜிலேபி'. சீனிப்பாகுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை!)

1988, 89இல் எகிப்து, கானா, கென்யா, செனகல் நீர்நிலைகளில் பிடித்த மீன்களை ஆசியப் பண்ணை மீன்களோடு இணைத்து, நன்றாக வளர்வதைத் தலைமுறைதோறும் பொறுக்கி எடுத்து உருவாக்கிய ரகம்தான் 'கிஃப்ட்'. மரபணுவை வெட்டி ஒட்டிய மீன் அல்ல. தாத்தா விதைநெல் எடுத்துவைத்த அதே முறை.

அன்று எடை கூடினால் போதும். இனி சூட்டையும் உப்பையும் தாங்க வேண்டும். அந்தத் திறமை ஆப்பிரிக்கத் தாய்வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது. கென்யாவின் மகாடி ஏரியில் திலாப்பியாவின் நெருங்கிய உறவு ஒன்று 40 டிகிரியைத் தொடும் காரத் தண்ணீரில் நீந்துகிறது. பெரும்பாலான மீன்கள் கழிவை அம்மோனியாவாக வெளியேற்ற, இது நம்மைப் போல யூரியாவாக வெளியேற்றுகிறது.

எந்த மரபணு இதற்கெல்லாம் உதவுகிறது? பல இடங்களில் மீன் பிடித்து, துடுப்பில் ஒரு துணுக்கு எடுத்து மரபணுவைப் படிக்கிறார்கள். பக்கத்திலேயே அந்தந்த இடத்தின் வெப்பம், மழை, உப்பு அளவு. சூடு ஏற ஏற எந்த மரபணு மாறுபாடு கூடுகிறது என்று பார்க்கிறார்கள். இதில் ஒரு வில்லங்கம்: ஒரே கம்பத்தில் எல்லாருக்கும் ஒரே மூக்கு என்றால் காரணம் வெயிலா, சொந்தபந்தமா? அதனால் முதலில் உறவுமுறையைக் கணக்கிட்டுக் கழிக்கிறார்கள். அதற்குப் பிறகும் தனித்து நிற்பதே துப்பு.

வெறும் ஊகம் என்று ஒதுக்க முடியாது. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அரபிடாப்சிஸ் செடியில் ஏஞ்சலா ஹான்காக் குழு 2011இல் இப்படித்தான் துப்புகளைத் திரட்டியது. பிரான்சில் எந்தச் செடி நன்றாகத் தேறும் என்று கணித்தது. வளர்த்துப் பார்த்ததில் கணிப்பு ஒத்துவந்தது.

மீன் விஷயத்தில் அவசரம் அதிகம். பண்ணை மீன் தப்பி ஆற்றில் கலந்தால் உள்ளூர் இனத்தோடு கூடிவிடும். பல்லாயிரம் ஆண்டுப் பழக்கம் கரைந்துபோகும். விக்டோரியா ஏரியின் சொந்த மீனான 'ங்கேகே' இன்று அங்கே அரிது. 1950களில் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட நைல் திலாப்பியா அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று.

இந்தப் பயத்தால்தான் கிஃப்ட் மீனை ஆப்பிரிக்காவுக்கே திருப்பிக் கொண்டுபோக நெடுங்காலம் தயங்கினார்கள். எகிப்தில் அப்பாஸா, கானாவில் அகொசொம்போ என்று உள்ளூர் மீன்களிலிருந்தே தனி ரகங்கள் பிறந்தன.