திரையைப் பாராமல் நூல் படிப்பது எப்படி?

நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். அரங்கநாதன் 1931ஆம் ஆண்டில் ஐந்து நூலக விதிகளை வகுத்து வெளியிட்டார். தமக்கு வேண்டிய நூல் கிடைக்காமல் எந்த வாசகரும் திரும்பிச் செல்லக் கூடாது என்பது அவற்றுள் ஒன்றன் கருத்து. அந்நாளில் நூல் என்றால் தாளில் அச்சிட்டதுதான். பார்வையற்றவர் அதனைப் படிக்க வேண்டுமானால் பிரெய்ல் புள்ளிகளில் பெயர்க்க வேண்டும். அல்லது பிறர் படித்துக் காட்ட வேண்டும்.

இன்று பல்லாயிரம் நூல்கள் கணிப்பொறிக்குள் வந்துவிட்டன. கணிப்பொறி நூலைப் பேசிக் காட்டும். ஆகவே பழைய தடை நீங்கிவிட்டது என்றே எண்ணத் தோன்றும். ஆனால் நூலகத்தின் மின்நூலைத் திறக்கும் பார்வையற்ற மாணவர், பல வேளைகளில் ஒரு சொல்லையும் கேட்பதில்லை. தேர்வு நெருங்கும் நேரத்தில் நூல் கைக்கெட்டியும் பயன்படாமற் போகிறது. இதற்குக் காரணம் என்ன? நூலகர் இதில் என்ன செய்யலாம்?

கணிப்பொறி படிக்கும் விதம்

பார்வையற்றோர் பயன்படுத்தும் மென்பொருளுக்குத் திரைபடிப்பான் என்று பெயர். 2006ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்னும் பார்வையற்ற இளைஞர் எழுதத் தொடங்கிய என்.வி.டி.ஏ. அவற்றுள் ஒன்று. அது இலவசமாகக் கிடைக்கிறது, தமிழையும் படிக்கிறது.

பெயரில் ‘திரை’ இருந்தாலும், அது திரையில் தெரியும் வடிவங்களைப் பார்த்துப் படிப்பதில்லை. கணிப்பொறியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. உலகப் பொதுக் குறியீடாகிய ஒருங்குறியில் ‘க’ என்ற எழுத்தின் எண் 2965. திரைபடிப்பான் இந்த எண்களை வரிசையாகப் பெற்று ஒலியாக மாற்றுகிறது. எண் சரியாக இருந்தால்தான் ஒலியும் சரியாக இருக்கும்.

இரண்டு தடைகள்

முதல் தடை, நூலைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்துச் சேமிப்பதால் வருவது. கண்ணுக்கு அது நூல்; கணிப்பொறிக்கு அது வெறும் புகைப்படம். அதில் எழுத்து எண் ஒன்றுகூட இல்லை. எழுத்துணரி மென்பொருளைக் கொண்டு படத்திலிருந்து எழுத்துகளைப் பிரித்தெடுக்கலாம். ஆயினும் தமிழில் ‘ர’ என்ற எழுத்தும் துணைக்காலும் ஏறத்தாழ ஒரே வடிவம் உடையவை, அது இடறும். 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன் அச்சான நூல்களில் ணா, றா, னா, லை, னை போன்றவை வேறு வடிவில் இருக்கும், அங்கும் இடறும். எனவே ஒருவர் உடனிருந்து பிழை திருத்தியே ஆக வேண்டும்.

இரண்டாம் தடை மறைவானது. ஒருங்குறி பரவுமுன் பலர் ஆங்கில எழுத்துகளின் எண்களிலேயே தமிழ் வடிவங்களை ஏற்றி எழுத்துருக்களைச் செய்தனர். பாமினி என்னும் எழுத்துரு இவ்வகையைச் சேர்ந்தது. அதில் ‘தமிழ்’ என்று திரையில் தெரியும் சொல்லுக்கு அடியில் இருப்பவை ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி ஆகியவையே! திரைபடிப்பான் அவற்றைத்தான் படிக்கும். தமிழ்நாடு அரசு 2010ஆம் ஆண்டில் ஒருங்குறியை ஏற்றது. அதற்கு முந்தைய கோப்புகள் பல இன்னும் பழைய எழுத்துருக்களிலேயே இருக்கின்றன. அவற்றை மாற்றித் தரும் மென்பொருள்கள் உண்டு.

இத்தடைகளால் பார்வையுள்ளோரும் இழப்படைகின்றனர் என்பதைக் கவனிக்க வேண்டும். எழுத்து எண் இல்லாத நூலில் ஒரு சொல்லைத் தேடினால் எவருக்கும் அது அகப்படாது.

நூலகர் பெற வேண்டிய பயிற்சி

நூலகர் மென்பொருள் எழுதக் கற்க வேண்டியதில்லை. சோதித்துப் பார்க்கக் கற்றால் போதும். முதற் சோதனை மிக எளிது. மின்நூலில் ஒரு வரியை நகலெடுத்து வேறொரு பக்கத்தில் ஒட்டிப் பாருங்கள். ஒன்றும் ஒட்டவில்லையென்றால், பெரும்பாலும் அது படம். ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக வந்தால், பழைய எழுத்துரு. தமிழாகவே வந்தால் முதற் படியைத் தாண்டியாயிற்று.

அடுத்து, சுட்டெலியை ஒதுக்கி வையுங்கள். விசைப்பலகையை மட்டும் கொண்டு, நூலகத்தின் இணையதளத்தில் ஒரு நூலைத் தேடித் திறக்க முடிகிறதா என்று பாருங்கள். பிறகு திரையை அணைத்துவிட்டு, திரைபடிப்பானின் குரலை மட்டும் நம்பி அதே வேலையைச் செய்யுங்கள். என்.வி.டி.ஏ.யில் எச் விசையை அழுத்தினால் அடுத்த தலைப்புக்கும், ஜி விசையை அழுத்தினால் அடுத்த படத்துக்கும் செல்லலாம். வெறுமனே எழுத்தைப் பெரிதாக்கித் தலைப்புப் போலக் காட்டியிருந்தால் எச் விசை அங்கே நிற்காது. முந்நூறு பக்க நூலில் ஏழாம் அத்தியாயத்தை அடைய, முதல் வரியிலிருந்து கேட்டுக்கொண்டு வர வேண்டியதுதான்! படத்துக்கு விளக்கவுரை எழுதப்படாவிட்டால், அங்கே ஒரு படம் இருக்கிறது என்பதற்கு மேல் வாசகருக்கு எதுவும் தெரியாது.

பார்வை மங்கியவர்களையும் மறத்தலாகாது. உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1999ஆம் ஆண்டில் முதன்முதலாக அணுகல் நெறிகளை வெளியிட்டது. 2023ஆம் ஆண்டில் 2.2 என்னும் பதிப்பு வந்தது. சாதாரண அளவுள்ள எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளிவேறுபாடு 4.5க்கு 1 என்ற விகிதத்திற்குக் குறையக் கூடாது என்பது அந்நெறிகளுள் ஒன்று. வெண்மைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்து அழகாகத் தோன்றலாம். இவர்களுக்கு அது மறைந்தே போகும்.

மின்னிதழ்களையும் மின்நூல் தொகுப்புகளையும் சந்தா கட்டி வாங்குமுன் இச்சோதனைகளைச் செய்வது நல்லது. சில மின்நூல்களில் நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு, உரக்கப் படிப்பதையும் தடுத்துவிடும். பணம் கட்டிய பிறகு முறையிடுவதைவிட, ஒப்பந்தத்திலேயே நிபந்தனையாக எழுதிவிடுவது எளிது.

சட்டம் தடையா?

நூலைப் பேசும் வடிவில் மாற்றினால் பதிப்புரிமைக் குற்றமாகிவிடுமோ என்று நூலகர் பலர் அஞ்சுவதுண்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் இந்த அச்சத்தை நீக்கியது. ஊனமுற்றோர் பயன்பாட்டுக்காக, இலாப நோக்கின்றி, நூலை அவர்கள் அணுகத்தக்க வடிவில் பெயர்க்கலாம். அப்படி ஆக்கிய படி பொது விற்பனைக்குச் சென்றுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதே நோக்குடன் 2013ஆம் ஆண்டில் மொராக்கோ நாட்டில் மராகேஷ் உடன்படிக்கை உருவாயிற்று. 2014ஆம் ஆண்டில் அதனை முதன்முதலில் உறுதிப்படுத்திய நாடு இந்தியாவே.

ஆக, கருவி இருக்கிறது, சட்டமும் இடந்தருகிறது. இனி வேண்டுவது நூலகரின் பயிற்சி. ஒரு நூலை நகலெடுத்து ஒட்டிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அடுத்த முறை உங்கள் ஊர் நூலகத்தின் மின்நூலைத் திறக்கும்போது, வாசகராகிய நீங்களும் இச்சோதனையைச் செய்து பார்க்கலாம். தமிழ் வராவிட்டால் நூலகரிடம் தெரிவியுங்கள்.