வரவேற்புப் பரிசு யாருக்குக் கிடைக்கும்?

விடியற்காலை. சாம்பியன் ரயில் நிலையம். இருட்டு இன்னும் விலகவில்லை. ஆண்களும் பெண்களும் சாப்பாட்டுப் பையோடு நிற்கிறார்கள். மாரிகுப்பத்திலிருந்து வண்டி வருகிறது. ஏறிக்கொள்கிறார்கள். பெங்களூரில் வேலை. வீடு திரும்ப இரவாகிவிடும்.

முன்பு இந்த ஊர்க்காரர்களின் வேலை மண்ணுக்கு அடியில் இருந்தது. சாம்பியன் ரீப்ஸ் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமானது. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. அதன் பிறகு ரயில்தான் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது.

சம்பளம் வரும் வழியும் மாறிவிட்டது. அன்று கையில் எண்ணி வாங்கினார்கள். இன்று வங்கிக் கணக்கில் வருகிறது. கணக்கில் சம்பளம் வந்தால், கடன் அட்டையும் தேடி வருகிறது. கிரெடிட் கார்டு என்று சொல்வது இதைத்தான்.

ஒரு வீட்டில் நடந்த பேச்சு

சாம்பியன் ரீப்ஸில் ஒரு லைன் வீட்டை நினைத்துப் பாருங்கள். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். தம்பி பெங்களூரில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறான். அக்கா வீட்டில் தையல் தைக்கிறாள். அவள் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். அக்கா சின்ன வயதில் பள்ளிக்குப் போகவில்லை. பெரியவள் ஆன பிறகு எழுத்தறிவு வகுப்பில் படித்தாள்.

ஒரு நாள் இரவு தம்பி ஒரு தாளோடு வந்தான்.

“அக்கா, கிரெடிட் கார்டு தர்றாங்களாம். சேர்ந்தா வரவேற்புப் பரிசாம். நாலாயிரம் பாயிண்டாம்!”

“நாலாயிரம் பாயிண்டுன்னா எவ்வளவு ரூபாய்?”

தம்பி விழித்தான். “அதைக் கேக்கலையே அக்கா. கையெழுத்துப் போட்டாப் போதும்னாங்க.”

அப்பா கட்டிலில் இருந்து பேசினார். “எங்க காலத்துல சம்பள நாள் வந்தா வட்டிக்காரன் வந்து நிப்பான். பாதிச் சம்பளம் அவன் கைக்குப் போயிடும். இதுவும் அப்படித்தானா? பாத்துக்கோ.”

“தாளைக் கொடுடா தம்பி” என்றாள் அக்கா. விளக்கடியில் உட்கார்ந்து, விரல் வைத்து மெதுவாகப் படித்தாள்.

கார்டு என்பது கடன்

கடன் அட்டையில் இருப்பது நம் பணம் இல்லை. வங்கியின் பணம். இன்று பொருள் வாங்கலாம். மாதம் ஒரு முறை பில் வரும். பில்லில் ஒரு கடைசித் தேதி இருக்கும். அந்தத் தேதிக்குள் முழுப் பணத்தையும் கட்டிவிட்டால் வட்டி இல்லை. கட்டாவிட்டால் வட்டி உண்டு.

அப்படியானால் வங்கி ஏன் பரிசு தருகிறது? வங்கிக்கு மூன்று வழியில் வருமானம் வருகிறது. கார்டில் நாம் பொருள் வாங்கும்போது கடைக்காரர் ஒரு சிறு பங்கைக் கொடுக்கிறார். பல கார்டுகளுக்கு ஆண்டுக் கட்டணம் உண்டு. முழுப் பணம் கட்டாதவர்கள் வட்டி கொடுக்கிறார்கள். புதிய ஆள் சேர்ந்தால் இந்த வருமானம் கூடும். அதற்காகத்தான் வரவேற்புப் பரிசு.

பரிசு பொய் இல்லை. ஆனால் சும்மாவும் வராது. நிபந்தனைகளை நிறைவேற்றினால்தான் வரும்.

நிபந்தனைகள் என்னென்ன?

முதலில் கார்டு கிடைக்க வேண்டும். அதற்கு வயதுச் சான்று, பான் எண், முகவரி, வருமானச் சான்று கேட்பார்கள். பழைய கடன்களை ஒழுங்காகக் கட்டினோமா என்றும் பார்ப்பார்கள். இதற்காக இந்தியாவில் நான்கு நிறுவனங்கள் உள்ளன. அவற்றில் ஒன்று சிபில். இவை கடன் வாங்கியவர்களுக்கு 300 முதல் 900 வரை மதிப்பெண் போடுகின்றன. மதிப்பெண் கூடுதலாக இருந்தால் கார்டு கிடைப்பது எளிது. ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பரிசுக்கு ஆசைப்பட்டு ஒரே மாதத்தில் நாலைந்து வங்கிகளில் விண்ணப்பிக்கக் கூடாது. ஒவ்வொரு விண்ணப்பமும் அந்த அறிக்கையில் பதிவாகும். ‘இவருக்குப் பண நெருக்கடி போலும்’ என்று வங்கிகள் நினைக்கும். மதிப்பெண் குறையலாம். பிறகு வீட்டுக் கடன் கேட்கும்போது சிரமம்.

கார்டு கிடைத்த பிறகு பரிசுக்கான நிபந்தனைகள் தொடங்கும். பொதுவாக இவை இருக்கும்:

1. புதியவருக்கு மட்டும். அதே வங்கியின் கார்டை முன்பே வைத்திருந்தால் பல வங்கிகள் பரிசு தருவதில்லை. அமெரிக்காவில் சிலர் பரிசுக்காகவே கார்டு வாங்கி, மூடி, மறுபடி வாங்கினார்கள். அதனால் அங்கே அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனம் ஒரு வகைக் கார்டுக்கு ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு முறைதான் பரிசு என்று விதி போட்டது.

2. சேர்க்கைக் கட்டணம். இதைக் கட்டினால்தான் பல கார்டுகளில் பரிசு வரும். கட்டணத்தோடு 18 விழுக்காடு வரியும் சேரும்.

3. இவ்வளவு செலவு, இத்தனை நாளுக்குள். சில கார்டுகளில் 30 நாள். சிலவற்றில் 60 அல்லது 90 நாள். கார்டு கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணக் கூடாது. பெரும்பாலும் வங்கி கார்டு கொடுத்த தேதியிலிருந்தே எண்ணுவார்கள்.

4. எல்லாச் செலவும் சேராது. ஏடிஎம்மில் எடுக்கும் பணம் சேராது. பல கார்டுகளில் பெட்ரோல், வீட்டு வாடகை, தவணைக்கு மாற்றிய செலவு ஆகியவையும் சேராது. வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுத்தால் அந்தத் தொகையைக் கழித்துவிடுவார்கள்.

5. பில்லை ஒழுங்காகக் கட்ட வேண்டும். பாக்கி வைத்தால் பரிசு நின்றுபோகலாம்.

ஏடிஎம் பற்றி இன்னொன்று. கடன் அட்டையில் பணம் எடுத்தால் தனிக் கட்டணம் உண்டு. எடுத்த நாளிலிருந்தே வட்டியும் ஓடும். அவசரத்துக்குக்கூட அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

அக்கா போட்ட கணக்கு

தம்பி கொண்டுவந்த தாளில் இருந்த விவரம் இது. சேர்க்கைக் கட்டணம் 500 ரூபாய். வரி 90 ரூபாய். மொத்தம் 590. கார்டு கொடுத்த 60 நாளுக்குள் 15,000 ரூபாய்க்குச் செலவு செய்ய வேண்டும். செய்தால் 4,000 பாயிண்டு. ஒரு பாயிண்டின் மதிப்பு 25 காசு.

4,000 பாயிண்டு என்றால் 1,000 ரூபாய். அதில் 590 ரூபாயைக் கழித்தால் மீதி 410 ரூபாய்.

“நாலாயிரம் இல்லடா. நானூத்திப் பத்து” என்றாள் அக்கா.

“பரவாயில்ல அக்கா. அதுவும் லாபம்தானே?”

“இரு. 15,000-க்குச் செலவு இருக்கா, பாக்கலாம்.”

இரண்டு மாதச் செலவை எழுதினார்கள். ராபர்ட்சன்பேட்டையில் வாங்கும் மளிகை 7,000. அப்பாவின் மருந்து 1,000. கேஸ், போன் 2,500. தம்பி பெட்ரோல் 2,000 என்றும் எழுதினான். அக்கா தாளைப் பார்த்து அந்த வரியை அடித்தாள். பெட்ரோல் சேராது.

மொத்தம் 10,500 ரூபாய். இன்னும் 4,500 குறைகிறது.

“ஒரு புது போன் வாங்கினாச் சரியாப் போயிடும்” என்றான் தம்பி.

“410 ரூபாய்க்காக 4,500 ரூபாயை விடுறதா? இப்ப இருக்கிற போன் ஓடலையா?”

தம்பி பேசவில்லை.

மூன்றரை ரூபாய் வட்டி

அக்கா தாளைத் திருப்பினாள். பின்பக்கம் வட்டி இருந்தது. மாதம் 3.5 விழுக்காடு.

ஊர்ப் பேச்சில் சொன்னால் இது மூன்றரை ரூபாய் வட்டி. நூறு ரூபாய்க்கு மாதம் மூன்றரை ரூபாய். ஆண்டுக்கு 42 ரூபாய். வங்கியில் நகையை வைத்து வாங்கும் கடனுக்குப் பெரும்பாலும் நூற்றுக்கு ஒரு ரூபாயை ஒட்டியே மாத வட்டி இருக்கும்.

பில்லில் ‘கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை’ என்று ஒரு வரி இருக்கும். 15,000 ரூபாய் பில்லுக்கு அது 750 ரூபாய் அளவில் இருக்கலாம். இதைக் கட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். தாமதக் கட்டணம்தான் வராது. வட்டி வரும்.

15,000 ரூபாய்க்கு ஒரு மாத வட்டி 525 ரூபாய். அதன்மேல் வரி சுமார் 95 ரூபாய். மொத்தம் சுமார் 620 ரூபாய். கட்டிய 750-இல் பெரும்பகுதி இதற்கே போய்விடும். அசல் கொஞ்சம்தான் குறையும். பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். இரண்டே மாதத்தில் வட்டியும் வரியும் 1,000 ரூபாயைத் தாண்டும். வந்த பரிசு முழுவதும் வட்டியாகத் திரும்பிப் போய்விடும்.

அப்பா இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். “வட்டிக்காரன் வாசல்ல நிக்கல. தாளுக்குப் பின்னாடி நிக்கிறான்” என்றார்.

என்ன முடிவு செய்தார்கள்?

அக்கா கார்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. காலண்டரைப் பார்த்தாள்.

“ஜூன்ல பள்ளிக்கூடம் திறக்கும். சீருடை, புத்தகம், ஷூ, பை எல்லாம் வாங்கணும். எப்படியும் 5,000 ஆகும். அந்தப் பணத்தைத் தையல் காசுல சேத்துக்கிட்டு வர்றேன். மே, ஜூன் ரெண்டு மாசமும் அந்த 60 நாளுக்குள்ள வர்ற மாதிரி ஏப்ரல் கடைசியில எழுதிக் கொடு. மளிகைப் பணத்தைத் தனியா எடுத்து வைப்போம். பில் வந்தா அன்னைக்கே முழுசாக் கட்டிடணும்.”

10,500-உம் 5,000-உம் சேர்ந்தால் 15,500 ரூபாய். நிபந்தனை நிறைவேறும். வேண்டாத பொருள் ஒன்றும் வாங்கவில்லை. வட்டியும் இல்லை. அப்போதுதான் அந்த 410 ரூபாய் உண்மையான லாபம்.

அக்கா தம்பியிடம் இன்னும் மூன்று கேள்விகள் எழுதிக் கொடுத்தாள். நாளை வங்கியில் கேட்க வேண்டும்.

மளிகைக் கடையில் கார்டு மிஷின் இல்லை. ரூபே கடன் அட்டையை யுபிஐ-யோடு இணைத்துச் செலவு செய்யலாம். அந்தச் செலவு பரிசுக்குச் சேருமா?

பாயிண்டு எப்போது வரும்? எத்தனை மாதத்தில் காலாவதி ஆகும்?

அடுத்த ஆண்டும் கட்டணம் உண்டா?

பதிலை வாயால் சொன்னால் போதாது. எழுத்தில் காட்டச் சொல்ல வேண்டும்.

உங்கள் உரிமைகள்

ரிசர்வ் வங்கி 2022-இல் கடன் அட்டைக்கு விதிகள் வகுத்தது. அவற்றில் சில:

கேட்காமல் கார்டு அனுப்பக் கூடாது. கேட்காத கார்டுக்குப் பணம் பிடித்தால் அதைத் திருப்பித் தர வேண்டும். அதைப் போல் இரண்டு மடங்கு அபராதமும் தர வேண்டும்.

விண்ணப்பத்தோடு முக்கிய விவரங்கள் அடங்கிய ஒரு பக்கத் தாள் தர வேண்டும். வட்டியும் கட்டணங்களும் அதில் இருக்கும்.

விண்ணப்பத்தை மறுத்தால் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும்.

பாக்கி இல்லாத கார்டை மூடச் சொன்னால் 7 வேலை நாளுக்குள் மூட வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் நமக்குத் தர வேண்டும்.

குறை இருந்தால் முதலில் வங்கியிடம் எழுதிக் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்கக் கட்டணமில்லாத தொலைபேசி எண் 14448.

மறக்கக் கூடாத எண்

கார்டு வந்த பிறகு வேறு ஒரு தொல்லை வரலாம். “உங்கள் பாயிண்டு இன்று காலாவதி ஆகிறது. ஓடிபி சொல்லுங்கள்” என்று போன் வரும். சொன்னால் பணம் போய்விடும். எந்த வங்கியும் ஓடிபி கேட்காது. ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அரசின் உதவி எண் அது.

இந்த எண் தங்கவயல்காரர்களுக்கு மறக்காது. 1930-ஆம் ஆண்டில்தான் இங்கே சுரங்கத் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். எல்லாரும் விரல் ரேகை பதிய வேண்டும் என்று நிர்வாகம் சொன்னது. அதை எதிர்த்தே வேலையை நிறுத்தினார்கள். எதற்கு என்று தெளியாமல் விரலைக் கொடுக்க அவர்கள் இணங்கவில்லை.

அக்கா தாளை மடித்துத் தம்பியிடம் கொடுத்தாள். கையெழுத்துப் போடும் இடம் இன்னும் காலியாகவே இருந்தது.

சேர்ந்து பேசுங்கள்

1. 2,000 பாயிண்டு பரிசு. ஒரு பாயிண்டு 25 காசு. வரியோடு கட்டணம் 590 ரூபாய். லாபமா, நட்டமா? கணக்குப் போடுங்கள்.

2. உங்கள் வீட்டில் எந்த மாதத்தில் செலவு கூடுகிறது? அந்தப் பணம் முன்கூட்டியே கையில் இருக்கிறதா?

3. படிக்காமல் கையெழுத்துப் போட்டு நட்டப்பட்ட அனுபவம் உங்கள் ஊரில் உண்டா? என்ன நடந்தது?