மருந்தின் அரை ஆயுளும் நோன்பு கால மாத்திரைகளும்

ரமழான் நெருங்கும்போது நம் வீடுகளில் ஒரு கேள்வி எழுவது வழக்கம்: "மூன்று வேளை மாத்திரையை எப்படிப் போடுவது?" சிலர் மதிய மாத்திரையையும் சேர்த்து ஸஹர் நேரத்திலேயே இரண்டாக விழுங்கிவிடுகிறார்கள். மருத்துவரைக் கேட்காமல் செய்யும் இந்த மாற்றம் ஏன் ஆபத்தானது? இதைப் புரிந்துகொள்ள ‘அரை ஆயுள்’ என்ற கணக்கை நாம் அறிய வேண்டும்.

இரத்தத்தில் உள்ள மருந்தின் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரமே அதன் அரை ஆயுள். கல்லீரலும் சிறுநீரகமும் மருந்தைச் சிறிது சிறிதாக வெளியேற்றுவதால் இது நடக்கிறது. உதாரணமாக, ஒரு மருந்தின் அரை ஆயுள் 6 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். உடலில் 400 மில்லிகிராம் சேர்ந்தால், 6 மணி நேரத்தில் அது 200 ஆகும். 12 மணி நேரத்தில் 100. 18 மணி நேரத்தில் 50.

இப்போது இரண்டு மாத்திரைகளைச் சேர்த்து 800 மில்லிகிராம் எடுத்தால்? 6 மணி நேரத்தில் அது 400 ஆகிவிடும். அதாவது, அளவை இரண்டு மடங்காக்கினாலும் நமக்குக் கூடுதலாகக் கிடைப்பது ஒரே ஒரு அரை ஆயுள், 6 மணி நேரம் மட்டுமே. ஆனால் தொடக்கத்தில் உடல் தாங்க வேண்டிய மருந்தோ இரண்டு மடங்கு. கிளிபென்கிளமைடு, கிளிமெபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளில் இப்படிச் செய்தால் சர்க்கரை கடுமையாக இறங்கி மயக்கம் வரலாம். சிறுநீரகம் பலவீனமான முதியவர்களுக்கு மருந்து வெளியேறத் தாமதமாவதால் ஆபத்து இன்னும் அதிகம்.

எல்லா மருந்தும் ஒன்றல்ல. பாராசிட்டமாலின் அரை ஆயுள் சுமார் 2 முதல் 3 மணி நேரம். அமோக்ஸிசிலினுக்குச் சுமார் 1 மணி நேரம். எனவே இவற்றை ஒரு நாளில் பல வேளை எடுக்கிறோம். இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபைனுக்கு 30 முதல் 50 மணி நேரம். ஒரு வேளை போதும். தைராய்டு மாத்திரையான லெவோதைராக்ஸினுக்குச் சுமார் 7 நாட்கள். தினமும் எடுக்கும் மருந்து உடலில் நிலையான அளவை அடைய நான்கைந்து அரை ஆயுள்கள் ஆகும். தைராய்டு மாத்திரையின் அளவை மாற்றினால் சுமார் 6 வாரம் கழித்தே இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வது இதனால்தான்.

ஆகவே ரமழானுக்குச் சில வாரங்கள் முன்பே எல்லா மாத்திரைகளையும் எடுத்துக்கொண்டு மருத்துவரைச் சந்திப்போம். ஒரு வேளை அல்லது இரு வேளை மருந்தாக மாற்ற முடியுமா, மெதுவாகக் கரையும் மாத்திரை உண்டா என்று கேட்போம். மெதுவாகக் கரையும் மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. தவறிய வேளைக்காக அடுத்த வேளையில் இரட்டிப்பாக எடுக்கவும் கூடாது.

நோன்பின்போது வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே சர்க்கரையைப் பரிசோதிக்க வேண்டும். 70க்குக் கீழே இருந்தால் நோன்பை விட்டுவிட வேண்டும். விரலில் குத்திச் சோதிப்பதால் நோன்பு முறியாது.

நோயாளிகள் வேறு நாட்களில் நோன்பை நிறைவேற்ற அல்லாஹ் அல்குர்ஆன் 2:185 வசனத்தில் சலுகை அளித்துள்ளான். அந்தச் சலுகையை ஏற்பது ஈமானின் குறைவு அல்ல. நம் பெற்றோரிடம் இதை இதமாக எடுத்துச் சொல்வோம்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆரோக்கியத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.