உம்மேல கோவமில்ல

"மாத்திரை ஒழுங்கா போடுறான். தனியா பேசுறது நின்னுபோச்சு. தூங்குறான், குளிக்கிறான். அப்புறமும் வீட்ல ஏன் தினம் சண்டை?"

காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் மனச்சிதைவு நோய்க்குச் சிகிச்சை எடுப்பவரின் வீட்டாருக்கு வரக்கூடிய கேள்விதான். நியாயமானதும்கூட. டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், பதில் கொஞ்சம் நீளம்.

காதில் கேட்கும் குரல்களையும் ஆதாரமில்லாத சந்தேகங்களையும் மருந்து பெரும்பாலும் தணித்துவிடும். ஆனால் எதிரில் இருப்பவர் மனதில் என்ன ஓடுகிறது என்று ஊகிக்கிறோமே, அந்தத் திறன் அதோடு தானாகத் திரும்பிவிடுவதில்லை. இந்தத் திறனைச் சோதிக்க 1983இல் விம்மர், பெர்னர் என்ற இரு உளவியலாளர்கள் குழந்தைகளுக்கு ஒரு கதை சொன்னார்கள். பையன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டுப் போகிறான். அவன் இல்லாதபோது அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறார். திரும்பி வந்தவன் எங்கே தேடுவான்? மூன்று வயதுக் குழந்தை, சாக்லேட் இப்போது இருக்கும் இடத்தைக் காட்டும். நாலைந்து வயதானால், அவன் பழைய இடத்தில்தான் தேடுவான் என்று புரிந்துகொள்ளும்.

இதுபோன்ற சோதனைகளை நம் ஊர்ப் பெயர்கள், நம் ஊர்ச் சூழலோடு பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் 2011இல் உருவாக்கினார்கள். நோய்க்குறிகள் நன்றாகத் தணிந்தவர்களிடமும் இந்த ஊகத்தில் தடுமாற்றம் மிச்சமிருப்பது அவர்களுடைய ஆய்வுகளில் தெரிந்தது.

வீட்டில் இது எப்படி இருக்கும்? காசிமேட்டில் ஒரு தம்பதி என்று வைத்துக்கொள்வோம். சிகிச்சையில் இருப்பவர் கணவர். மனைவி விடியற்காலையே ஏலத்துக்குப் போய் மீன் எடுத்து விற்பவர். அன்றைக்கு விலை விழுந்துவிட்டது, ஐஸ் காசுகூடத் தேறவில்லை. கூடையைத் தொப்பென்று வைத்துவிட்டுப் பேசாமல் உள்ளே போகிறார். கணவர் மனதில் ஓடுவது: 'எம்மேலதான் கோவம். அம்மா வூட்டுக்கு அனுப்பிடப் போறா.' அது அவருக்குச் சந்தேகமாகப் படவில்லை, நடந்து முடிந்த விஷயமாகவே படுகிறது. சோற்றைத் தொடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுகிறார். மனைவிக்கோ, 'ராவும் பகலும் ஒழைச்சிப் போட்டாலும் திமிரு பாரு!' இரண்டு பேருமே ஊகித்தார்கள், இரண்டும் தப்பு. நோய் ஒருவருக்குத்தான் என்பதைக் கவனியுங்கள்.

எல்லா மனநோயிலும் இந்தத் தடுமாற்றம் ஒரே மாதிரி இராது. மனச்சோர்வில் எந்த முகத்தைப் பார்த்தாலும் 'நான் பாரம்' என்றே வாசிக்கத் தோன்றும். உறவு கொஞ்சம் ஆட்டம் கண்டாலே கொந்தளித்துப்போகும் ஆளுமைக் கோளாறு உள்ளவர்கள், அமைதியான நேரத்தில் அடுத்தவரை நன்றாகவே புரிந்துகொள்வார்கள். விட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம் ஏறியதும் அத்தனையும் கலைந்துவிடும். இவர்களுக்காகத்தான் லண்டனில் பீட்டர் ஃபோனகியும் ஆன்டனி பேட்மனும் ஒரு பேச்சுச் சிகிச்சையை உருவாக்கி, 1999இல் அதன் முதல் சோதனை முடிவை வெளியிட்டார்கள். அதில் சிகிச்சையாளர் எதையும் தீர்ப்பாகச் சொல்வதில்லை. 'அவங்க அப்படி நடந்துக்கிட்டதுக்கு வேற என்ன காரணம் இருக்கலாம்?' என்று திரும்பத் திரும்பக் கேட்பார். கேட்க எளிது. கோபத்தில் இருப்பவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், தெரியும்.

இனி வீட்டார் பக்கம். 1958இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, ஜார்ஜ் பிரவுன் என்ற ஆய்வாளரின் குழுவினர் லண்டனில் மனநல மருத்துவமனையிலிருந்து வெளியேறிய ஆண்களைப் பின்தொடர்ந்தார்கள். பெற்றோரிடமோ மனைவியிடமோ போனவர்கள், வாடகை விடுதியில் தங்கியவர்களைவிட அதிகமாக நோய் திரும்பி மருத்துவமனைக்கே வந்து சேர்ந்தார்கள். ஓயாத குறை சொல்லலும் வெறுப்பும், அளவு மீறிய அக்கறையும் நோயைத் திரும்பக் கூப்பிடுகின்றன என்பது பின்னால் தெளிவானது. இதை வைத்துக் குடும்பத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அநியாயம். தூக்கமில்லாமல் கூடை சுமப்பவருக்கு அடுத்தவர் மனதை ஊகிக்கத் தெம்பு எங்கிருந்து வரும்? வீட்டாருக்கும் துணை வேண்டும். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குத் தலைமை வகித்த சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற அமைப்பு, மருந்தோடு மறுவாழ்வையும் குடும்ப ஆலோசனையையும் சேர்த்தே கொடுக்கிறது.

அந்தக் காசிமேட்டுத் தம்பதிக்கு என்ன சொல்லலாம்? மனைவி கூடையை இறக்கும்போதே, "வெல வுழுந்துச்சுயா, அதான் கடுப்பு. உம்மேல கோவமில்ல" என்று வாய்விட்டுச் சொல்லலாம். கணவர் படுப்பதற்கு முன், "எம்மேல கோவமா?" என்று ஒரு தடவை கேட்கலாம். முதலில் செயற்கையாகத்தான் இருக்கும். கொந்தளிப்பு உச்சத்தில் இருக்கும்போது இதை ஆரம்பிக்க வேண்டாம், அரை மணி நேரம் போகட்டும்.

ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு மாத்திரை வாங்கப் போகும் நாளில் தூக்கம், பசியோடு வீட்டுப் பேச்சு எப்படிப் போகிறது என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். நேரில் போக முடியாத நாளில் 14416க்கு அழைக்கலாம். 2022 முதல் இயங்கும் அரசின் இலவச மனநல உதவி எண் அது. தமிழிலேயே பேசலாம், நள்ளிரவானாலும்.