தீர்ந்துபோவது எது?

பொருள் தீர்ந்துவிடுமோ என்ற அச்சம் ஒரு மனிதரை எவ்வளவு தூரம் பிடித்து ஆட்டும் என்பதற்கு ஆங்கிலப் பொருளியல் அறிஞர் வில்லியம் ஸ்ரான்லி ஜெவன்ஸ் நல்லதொரு சான்று. கடதாசிக்குப் பெருந் தட்டுப்பாடு வரப்போகிறதென்று நம்பிய அவர், எழுதும் கடதாசியையும் பொதி சுற்றும் கடதாசியையும் வாங்கி வாங்கி வீட்டிலே குவித்தார். 1882ஆம் ஆண்டில் அவர் காலமானார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னரும், அவர் விட்டுச் சென்ற பொதி சுற்றும் கடதாசியைப் பிள்ளைகளாற் செலவிட்டு முடிக்க இயலவில்லையென்று, 1936இல் அவரைப் பற்றி உரை நிகழ்த்திய கெயின்ஸ் குறிப்பிட்டார்.

ஏளனத்துக்காக இக்கதையை இங்கே சொல்லவில்லை. உலகத்தின் இயற்கை வளங்கள் தீர்ந்துகொண்டு வருகின்றனவா என்ற வினாவைக் கணக்கோடும் காரணத்தோடும் எழுப்பியவர்களுள் ஜெவன்ஸ் முன்னோடியாவார். நிலக்கரி பற்றிய அவருடைய நூல் 1865இல் வெளிவந்தது. பிரித்தானியாவின் ஆலைகளும் கப்பல்களும் புகையிரதங்களும் கரியையே உண்டு வாழ்ந்த காலம் அது. மேலே கிடந்த கரியை எடுத்தாயிற்று. இனி ஆழமாகத் தோண்ட வேண்டும். தோண்டத் தோண்டச் செலவு ஏறும். செலவு ஏறினால் நாட்டின் தொழில் மேன்மை சரியும் என்பது அவர் வாதம். குறைந்த கரியில் இயங்கும் இயந்திரங்களைச் செய்தால் கரி மிஞ்சுமே என்று கேட்போருக்கு அவர் கூறிய விடைதான் அந்நூலின் உயிர். இயந்திரம் சிக்கனமாக இயங்க இயங்க அதைப் பயன்படுத்துவோர் பெருகுவர். ஆகவே மொத்தச் செலவு குறையாது, கூடும் என்றார் அவர். இந்த விடையை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னர் யாழ்ப்பாணத்துத் தோட்டமொன்றிலே அது நமக்குத் தேவைப்படும்.

நடந்தது என்ன? பிரித்தானியாவின் கரி உற்பத்தி 1913இல் இருபத்தெட்டுக் கோடி தொன்னுக்கு மேற்சென்று உச்சத்தைத் தொட்டது; பின்னர் இறங்கத் தொடங்கியது. 2015 டிசம்பரில் அந்நாட்டின் கடைசி ஆழ்சுரங்கம் மூடப்பட்டது. 2024 செப்ரெம்பர் 30ஆம் திகதி, கரியால் இயங்கிய கடைசி மின்னிலையமும் ஓய்ந்தது. ஆனாற் கரி தீர்ந்துவிடவில்லை. எண்ணெயும் எரிவாயுவும், பின்னர் காற்றாலைகளும் வந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. எஞ்சிய கரி இன்றும் அந்த மண்ணுக்குக் கீழே கேட்பாரற்றுக் கிடக்கிறது.

இதனினும் சுவையானது வெடியுப்பின் கதை. 1898இல் பிறிஸ்ரல் நகரிலே, அறிவியல் முன்னேற்றத்துக்கான பிரித்தானியச் சங்கத்தின் தலைவராக நின்று பேசிய சேர் வில்லியம் குறூக்ஸ், கோதுமை உண்ணும் நாடுகள் பஞ்சத்தை நோக்கிச் செல்கின்றன என்று அவையோரைத் திடுக்கிட வைத்தார். நிலம் விளைய நைதரசன் வேண்டும். அன்றைய ஐரோப்பாவின் வயல்களுக்கு அதை வழங்கியது தென்னமெரிக்காவின் அற்றகாமாப் பாலைவனத்து வெடியுப்பு. அந்த உப்பு நிலங்களையொட்டி 1879இல் மூண்ட போரிலே சிலி வென்றது, பெரு தோற்றது, பொலிவியா தன் கடற்கரை முழுவதையும் இழந்து, இன்றுவரை கடலற்ற நாடாயிருக்கிறது. இவ்வளவு இரத்தம் சிந்திப் பெற்ற உப்பும் ஒரு நாள் தீரும், அப்போது என் செய்வீர் என்பது குறூக்ஸ் எழுப்பிய வினா. ஆயினும் அவர் வெறுமனே அச்சுறுத்தி அமர்ந்துவிடவில்லை. நம்மைச் சூழ்ந்த வளியில் ஐந்தில் நான்கு பங்கு நைதரசனே. அதைப் பிணைத்து உரமாக்கும் வழியை இரசாயனவியலார் கண்டேயாக வேண்டும் என்றார்.

கண்டார்கள். ஜேர்மானியரான பிறிற்ஸ் ஹேபர் 1909இல், வளியின் நைதரசனையும் ஐதரசனையும் மிகுந்த அமுக்கத்தில் இணைத்து அமோனியாவைச் சொட்டுச் சொட்டாக வடித்துக் காட்டினார். கார்ல் பொஷ் அதைப் பெருந்தொழிலாக்க, 1913இல் ஒப்பௌ நகரில் முதல் ஆலை இயங்கத் தொடங்கியது. (அடுத்த ஆண்டே மூண்ட உலகப் போரில் அதே அமோனியா வெடிமருந்துக்கும் பயன்பட்டது என்பதையும் சொல்லிவைக்க வேண்டும்.) இன்று உலக மக்களுள் ஏறக்குறைய அரைவாசிப் பேருடைய உணவு இம்முறையிற் செய்த உரத்தால் விளைகிறதென்பது அறிஞர் கணிப்பு. இதன் பொருளை ஏட்டிற் படிக்க வேண்டியதில்லை. 2021இல் நம் நாட்டிலே இரசாயன உர இறக்குமதி திடீரென்று தடை செய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரிலேயே தடை தளர்த்தப்பட்ட வரலாற்றை நம் நெல் விவசாயிகள் மறக்கமாட்டார்கள். சிலியின் வெடியுப்பு என்னாயிற்று? விலைபோகாமற் சோர்ந்தது. ஹம்பர்ஸ்ரன் என்ற உப்பு நகரம் 1960இல் மூடப்பட்டு, 2005இல் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது.

இத்தகைய நிகழ்ச்சிகளைக் கண்டு துணிவு கொண்டவர் அமெரிக்கப் பொருளியலாளர் ஜூலியன் சைமன். மக்கட்பெருக்கத்தால் உலகம் வறண்டுவிடும் என்று எழுதிவந்த உயிரியலாளர் போல் ஏர்லிக்கை அவர் ஒரு பந்தயத்துக்கு அழைத்தார். செம்பு, குரோமியம், நிக்கல், வெள்ளீயம், தங்குதன் என்னும் ஐந்து உலோகங்களை ஏர்லிக்கும் அவர் நண்பர்களும் தெரிந்தெடுத்தனர். உலோகம் ஒன்றுக்கு 200 டொலராக மொத்தம் 1,000 டொலர். 1980 செப்ரெம்பரிலிருந்து பத்தாண்டில், பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்து, விலை ஏறினாற் சைமன் கொடுப்பார். இறங்கினால் ஏர்லிக் கொடுப்பார். அப்பத்தாண்டில் உலகின் சனத்தொகை எண்பது கோடிக்கு மேற் பெருகியது. ஐந்து உலோகங்களின் விலையும் இறங்கியது. 1990 ஒக்டோபரில் ஏர்லிக் 576 டொலர் 7 சதத்துக்குக் காசோலை எழுதி அனுப்பினார். வேறொரு பத்தாண்டைத் தெரிந்திருந்தால் அவரே வென்றிருக்கக்கூடும் என்று பின்னர் கணக்குப் பார்த்தோர் காட்டியிருக்கிறார்கள். ஆகவே பந்தயத்தை வேதவாக்காகக் கொள்ளுதல் தகாது. ஆயினும் சைமன் கண்ட உண்மையொன்று அதில் இருக்கிறது. பொருள் அருகினால் விலை ஏறும். விலை ஏறினால் மனிதன் விழித்துக்கொள்வான். புதிய சுரங்கம் தேடுவான், பழைய உலோகத்தை உருக்குவான், மாற்றுப் பொருளைக் கண்டுபிடிப்பான். விலை என்பது தூங்குபவனைத் தட்டி எழுப்பும் மணி.

மணியே இல்லாத வீட்டில் என்ன நடக்கும்?

கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கடலிலே கொட் மீன் ஐந்நூறு ஆண்டுகளாகப் பிடிக்கப்பட்டு வந்தது. பிடித்த மீனுக்குக் கரையில் விலை உண்டு. கடலில் நீந்துகின்ற மீனுக்கு எவரும் விலை கொடுப்பதில்லை. பெரிய இழுவைக் கப்பல்கள் வந்தன. 1968இல் எட்டு இலட்சம் தொன்னளவு மீன் அள்ளப்பட்டது. 1992 யூலையில் அரசு மீன்பிடியை நிறுத்திற்று. ஏறக்குறைய முப்பதாயிரம் பேர் தொழிலிழந்தனர். இரண்டு ஆண்டுக்கென்று நிறுத்தியது முப்பத்திரண்டு ஆண்டு நீடித்தது. 2024இல் சிறிதளவு பிடிக்க இணங்கினார்கள். செம்பு புதிதாக விளைவதில்லை, ஆனால் தீரவில்லை. மீன் ஆண்டுதோறும் பெருகுவது, அதுதான் தீர்ந்தது! தானே புதுப்பித்துக்கொள்ளும் வளம் தீராதென்று நம்பியே நாம் அதைக் கணக்கில்லாமல் எடுக்கிறோம்.

இப்போது நமது கிணற்றடிக்கு வருவோம். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றில்லை. ஒக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பெய்யும் மாரி, மெல்லிய மண்போர்வையைக் கடந்து சுண்ணாம்புக்கற் பாறையின் வெடிப்புகளிலும் குகைகளிலும் இறங்கித் தங்குகிறது. கடல்நீரோ அதன் கீழே எங்கும் பரவியிருக்கிறது. பாரமான உப்புநீரின் மேல் இலேசான நன்னீர் மிதக்கிறது. நிலாவரைக் கிணற்றிலே மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பது இதனாலேயே. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது கீபன், ஹேர்ஸ்பேர்க் என்னும் இருவர் தனித்தனியே கண்ட விதி. இதை மறுபக்கமாகவும் வாசிக்க வேண்டும்: மேலே ஓரடி குறையுமாறு இறைத்தால், கீழேயிருந்து உப்பு நாற்பது அடி எழுந்து வர இடமாகும்.

நம் முன்னோர் இவ்விதியைப் படித்ததில்லை. ஆயினும் துலா அவர்களைக் காத்தது. ஒருவர் துலா மிதிக்க, ஒருவர் பட்டை பிடித்து ஊற்ற, இன்னொருவர் பாத்திக்குப் பாத்தி நீரை மாற்றிவிட, பொழுது விடியுமுன் தொடங்கிய இறைப்பு வெயில் ஏற ஓயும். மனிதன் களைத்தான், கிணறு ஊறியது. 1950களிலும் 60களிலும் நீரிறைக்கும் இயந்திரங்கள் தோட்டமெங்கும் பரவின. துலா மிதித்துக் கால் காய்த்த தலைமுறைக்கு அது பெரும் விடுதலை; அதைக் குறை கூற, துலா மிதித்தறியாத நமக்கு உரிமையில்லை. ஆனால் ஜெவன்ஸ் சொன்னது இங்கே அப்படியே பலித்தது. இறைப்பது எளிதாக எளிதாக, வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் செம்பாட்டு மண்ணில் இன்னும் பரந்தன, நீர்ச்செலவு பெருகிற்று. இறைக்கும் எண்ணெய்க்கு விலையுண்டு, நீருக்கு இல்லை. கிணறு உவர்த்த பின்னரே கணக்குத் தெரிகிறது.

குறூக்ஸ் கனவு கண்ட நைதரசனும் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது, வேறு கோலத்தில். பயிருக்கு இட்ட யூரியாவிலும் எருவிலும் பயிர் உண்டு மிஞ்சியது நைத்திரேற்றாக மாறி, மழையோடும் இறைப்போடும் பாறை வெடிப்பு வழியே கிணற்றை அடைகிறது. நெருக்கமாக வீடுகள் அமைந்த இடங்களில் மலகூடக் குழிகளும் தம் பங்கைச் சேர்க்கின்றன. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றுக்கு மேலாகாதென்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. செறிந்த பயிர்ச்செய்கையுள்ள வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் அவ்வரம்பு மீறப்பட்டிருப்பதை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. போத்தற்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு இது கொடிது; குருதி பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, குழந்தை நீலம் பாரிக்கும். தாய்மார் நீரைக் கொதிக்கவைத்தால் போதுமென்று எண்ணுகிறார்கள். கொதிக்கவைத்தாற் கிருமி சாகும், நைத்திரேற்றுப் போகாது. நீர் ஆவியாகக் குறையுமாதலால் அதன் செறிவு சிறிது கூடவே செய்யும். 1898இல் உலகம் இல்லையே என்று கலங்கிய பொருள், இன்று நமது கிணற்றில் மிஞ்சியதால் துன்பம் செய்கிறது. குறைந்தது நைதரசன் அன்று, நல்ல நீர்.

பரிகாரம் இல்லாமலில்லை. குடாநாட்டில் ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறு குளங்கள் உண்டு. மாரி நீரைத் தடுத்து நிலத்துக்குள் இறக்குவதே அவற்றின் பெரும்பணி. தூர்ந்தவை பல, குப்பை கொட்டி மேடாக்கப்பட்டவை சில. கடலேரிகளை நன்னீராக்கிக் குடாநாட்டுக்கு ஓர் ஆறு தர வேண்டும் என்று பொறியியலாளர் ஆறுமுகம் 1950களிலே தீட்டிய திட்டம் எழுபது ஆண்டாகப் பேசப்பட்டு வருகிறது. கிணற்று நீருக்கு விலை வைத்துவிட்டால் மணி அடிக்குமே என்று பொருளியல் மாணவர் கேட்பர். வெங்காய விலை விழுந்த ஆண்டில் கடன்பட்டு நிற்கும் விவசாயியிடம் போய் அதைச் சொல்லும் துணிவு எமக்கில்லை. குறைந்தபட்சம் ஊருக்கு ஊர் கிணற்று நீரின் உப்பையும் நைத்திரேற்றையும் அளந்து, வாசிகசாலைச் சுவரில் எழுதி ஒட்டலாம். விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியரும் உயர்வகுப்பு மாணவரும் செய்யக்கூடிய வேலை இது. பெருஞ் செலவும் இல்லை.

சைமன் சொன்ன மாற்றும் வந்திருக்கிறது. வடமராட்சி கிழக்கின் தாளையடியிலே, கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீர் தருமாறு அமைந்தது. கனமீற்றர் ஒன்றுக்கு மூன்று, நான்கு அலகு மின்சாரம் இவ்வகை நிலையங்களுக்கு வேண்டும். அந்த மின்சாரத்தில் ஒரு பங்கு நுரைச்சோலையிலிருந்து வருவது. அங்கே எரிவது கப்பலில் வந்திறங்கும் நிலக்கரி.