வாட்ஸ்அப் வருது, யூடியூப் ஓடுது... அந்த ஒரு பக்கம் மட்டும் ஏன் திறக்கல? 8 பைட் செய்யும் வேலை!

வீட்டு வைஃபையில் வாட்ஸ்அப் வருகிறது, யூடியூப் தடையில்லாமல் ஓடுகிறது. ஆனால், விண்ணப்பம் போட வேண்டிய இணையதளம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மொபைல் டேட்டாவுக்கு மாறினால் உடனே திறக்கிறது. கடைசித் தேதியன்று இப்படி ஆனால் பதற்றமாகத்தானே இருக்கும்?

கஸ்டமர் கேரைக் கூப்பிட்டால், 'ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க' என்பார்கள். ஸ்பீடு டெஸ்ட்டிலும் எல்லாம் சரியாகவே காட்டும். இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். அதிகம் பேசப்படாத ஒன்று, வெறும் 8 பைட்!

கவருக்குள் கவர்

இணையத்தில் தகவல்கள் சின்னச் சின்ன பாக்கெட்டுகளாகத்தான் போகின்றன. ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட்டின் வழக்கமான உச்ச அளவு 1,500 பைட். யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து இணையும் பிராட்பேண்டுகள் பலவற்றில் இருப்பது பிபிபிஓஇ என்ற முறை. 1999-ல் வெளியான இந்த முறையில், ஒவ்வொரு பாக்கெட்டும் இன்னொரு கவருக்குள் போடப்படும். அந்தக் கவருக்கே 8 பைட் போய்விடும். மிச்சம் 1,492.

அதைவிடப் பெரிய பாக்கெட் வந்தால், 'சின்னதாக்கி அனுப்பு' என்று வழியில் உள்ள கருவி சர்வருக்குத் தகவல் சொல்லும். சில இணையதளங்களின் ஃபயர்வால் அந்தத் தகவலையே தடுத்துவிடும். விஷயம் தெரியாத சர்வர் அதே அளவில் திரும்பத் திரும்ப அனுப்ப, பாக்கெட் வழியிலேயே தொலையும். பெரும்பாலான ரவுட்டர்கள் இணைப்பு தொடங்கும்போதே சின்ன பாக்கெட் கேட்டு இதைச் சமாளிக்கின்றன. அந்த ஏற்பாடு சரியாக அமையாத வீட்டில்தான் பக்கம் சுற்றுகிறது.

2006-ல் வந்த தீர்வு

ஆர்எஃப்சி 4638 என்ற விதி 2006-ல் வந்தது. 'என்னால் 1,500 வாங்க முடியும்' என்று ரவுட்டர் இணையும்போதே சொல்லலாம். எதிர்முனையும் ஒப்புக்கொண்டால் முழு அளவு கிடைக்கும். ஆனால், நடுவில் உள்ள எல்லா சுவிட்சுகளும் கவரோடு சேர்த்து 1,508 பைட்டைக் கடத்த வேண்டும். ஒன்று மறுத்தாலும் போச்சு!

சோதனையே சின்னதாக இருந்தால்?

இதையெல்லாம் முன்கூட்டியே பரிசோதிக்க, ஏராளமான வாடிக்கையாளர்கள் ஒரே நேரத்தில் இணைவதுபோல நடிக்கும் மென்பொருள்கள் உண்டு. அந்த மென்பொருளே 1,492-க்கு மேல் அனுப்பாது என்றால்? ரிப்போர்ட்டில் பாஸ், வீட்டில் ஃபெயில்! சின்ன பாக்கெட் போய்ச் சேர்ந்ததை வைத்து, பெரியதும் போகும் என்று நம்ப முடியாது. அதனால்தான் சோதனை மென்பொருள்களும் பெரிய பாக்கெட்டுக்குத் தயாராக வேண்டும்.

ஆர்எஃப்சி 4638-லேயே இதற்கு வழி இருக்கிறது. முழு அளவு பாக்கெட் ஒன்றை அனுப்பிப் பார்க்கலாம். அதற்குப் பதில் வராமல், 1,492 பைட்டுக்கு மட்டும் வந்தால், அதற்கு மேல் அனுப்பக் கூடாது.

நீங்களும் பார்க்கலாம்

வைஃபையில் இணைந்த விண்டோஸ் கம்ப்யூட்டரில், பிங் கட்டளையை 'துண்டாக்காதே' என்ற தெரிவுடன் 1,472 அளவில் கொடுங்கள். முகவரி விவரங்களுக்கான 28 பைட் சேர்ந்து 1,500 ஆகும். பதில் வந்தால் முழு அளவும் போகிறது. வராமல், 1,464-க்கு மட்டும் வந்தால் உங்கள் எல்லை 1,492.

1,492 என்பது கோளாறு இல்லை. நிறைய வீடுகளில் அதுதான் இருக்கும். அவசரப்பட்டு ரவுட்டரில் எம்டியு அளவை நீங்களாக 1,500-க்கு ஏற்றிவிடாதீர்கள். அடுத்த முறை கஸ்டமர் கேரிடம் 'நெட் ஸ்லோ' என்று மட்டும் சொல்லாமல், இந்த எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள். எங்கே தேட வேண்டும் என்று அவர்களுக்கும் புரியும்!