சிப்பிக் கோட்டை விழுங்கிய குண்டுகள்

நவம்பர் பிறந்தால் போதும், அமெரிக்காவின் கிழக்குக் கரையோரம் படகுகள் தெற்கே கிளம்பிவிடும். பலவற்றில் இருவர்தான்: கணவனும் மனைவியும். குளிருக்குத் தப்பி, கரையை ஒட்டிய உள்நீர்வழியாக வரும் இவர்கள் புளோரிடாவின் செயின்ட் அகஸ்டினில் ஓரிரு நாள் தங்கிப்போவது வழக்கம். சிங்கப் பாலத்துக்கு வடக்கே மிதவையில் படகைக் கட்டிவிட்டு நிமிர்ந்தால் எதிரே சாம்பல் நிறக் கோட்டை ஒன்று நிற்கும். பெயர் காஸ்டிலோ டி சான் மார்கோஸ். இறங்கிப் போய் அதன் சுவரருகே நின்றால்தான் ஆச்சரியம் தெரியும். அது கல்லே அல்ல, அத்தனையும் சிப்பி!

1565இல் ஸ்பானியர் அமைத்த ஊர் இது. அமெரிக்கப் பெருநிலத்தில் ஐரோப்பியர் குடியேறி, இன்றுவரை ஆள் நடமாட்டம் அறுபடாத ஊர்களில் மூத்தது. நூறு ஆண்டுகள் மரக்கோட்டைகளை நம்பியே காலம் தள்ளினார்கள். ஒன்று மட்கும், ஒன்று எரியும், மறுபடி கட்டுவார்கள். 1668இல் கடற்கொள்ளையர் ஊரைச் சூறையாடிய பிறகு, 1672இல் கற்கோட்டைக்கு வானம் தோண்டினார்கள். சுற்றுவட்டாரத்தில் கருங்கல் கிடையாது. கிடைத்தது எதிரே அனஸ்தாசியா தீவில் இருந்த கோக்கினா. ஸ்பானிய மொழியில் 'குட்டிச் சிப்பி' என்று பொருள்.

நம் கடற்கரைகளில் அலை வடியும்போது சரேலென்று மணலுக்குள் புதைந்துகொள்ளும் விரல்நுனி அளவு மட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். டோனாக்ஸ் என்ற அந்த இனத்தின் உறவுதான் இந்தச் சுவரிலும் இருக்கிறது. 1 லட்சம் ஆண்டுகளுக்கும் முன் கரையில் குவிந்த ஓடுகள், கடல் பின்வாங்கியதும் வெளியே தெரிந்தன. லேசான அமிலத்தன்மை கொண்ட மழைநீர் ஊடுருவி, ஓடுகளிலிருந்து சுண்ணாம்பைக் கொஞ்சம் கரைத்து, ஓட்டோடு ஓடு தொடும் இடங்களில் பசைபோல் படியவைத்தது. மற்ற இடமெல்லாம் காற்றிடைவெளி. பொரி உருண்டையில் வெல்லப்பாகு செய்கிற அதே வேலை!

தோண்டி எடுக்கும்போது இந்தக் கல் ஈரமாக, கோடாரிக்கு இணங்கும் அளவு மெத்தென்று இருக்கும். ஆண்டுக்கணக்கில் காயப்போட்டார்கள். உள்ளிருக்கும் நீர் ஆவியாக ஆக, அதில் கரைந்திருந்த சுண்ணாம்பு படிகமாகி இறுகியது. சாந்தும் சிப்பியைச் சுட்டு எடுத்த சுண்ணாம்புதான். நம் பழைய வீடுகளின் கிளிஞ்சல் சுண்ணாம்புக்கு உடன்பிறப்பு.

1702இல் கரோலினாவிலிருந்து ஆங்கிலப் படை வந்து முற்றுகையிட்டது. சுமார் 1,500 பேர் ஐம்பது நாள் கோட்டைக்குள் ஒடுங்கிக் கிடந்தார்கள். ஊர் எரிந்தது, கோட்டை விழவில்லை. 1740இல் ஆங்கிலப் படை மறுபடி வந்தது; இம்முறை ஓகல்தோர்ப் என்ற தளபதி 27 நாள் பீரங்கியால் அடித்தார். குண்டுகள் சுவரைப் பிளக்காமல் உள்ளே புதைந்து நின்றன.

காரணம் அந்தப் பொரி உருண்டைதான். கடலைமிட்டாயை ஓரத்தில் தட்டினால் விரிசல் குறுக்கே ஓடி இரண்டாகிவிடும்; கருங்கல்லும் அப்படித்தான். பொரி உருண்டையில் கட்டைவிரலை அழுத்துங்கள், அந்த இடம் மட்டும் நொறுங்கிக் குழியும். பக்கத்துப் பொரிக்குச் சேதி போகாது. கோக்கினாவில் கிளம்பும் விரிசல் அடுத்த இடைவெளியிலேயே முடிந்துபோகும். ஓடுகள் நசுங்கி நசுங்கிக் குண்டின் வேகத்தைத் தின்றுவிடும். புளோரிடா பல்கலைக்கழகப் பொறியாளர்கள் கோக்கினாத் துண்டுகள்மேல் சிறு எஃகு உருண்டைகளைச் சுட்டுப் பார்த்தபோதும் இதுவே நடந்தது. பெயரளவில் கல், நடத்தையில் அது கிட்டத்தட்ட மெத்தை நுரை.

கட்டியவர்களுக்கு இது முன்கூட்டியே தெரிந்திருக்க வழியில்லை. வேறு கல் இல்லை என்பதற்காக எடுத்த கல் அது. எனக்கு இதில் மிகப் பிடித்தது அந்த இடம்தான்.

அன்று சுவருக்கு வெள்ளைச் சாந்து பூசி மழையைத் தடுத்தார்கள். அந்தப் பூச்சு பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது. பீரங்கிக்கு அசையாத சுவர் இப்போது மழைக்கும், சாய்ந்து நிற்பவர்களின் முதுகுக்கும் துகள் துகளாகக் கரைகிறது. அதனால் சுவரில் ஏறவோ உட்காரவோ அனுமதியில்லை. படகில் வந்த தம்பதியும் ஓரடி தள்ளி நின்று குனிந்துதான் பார்க்க வேண்டும். வெயில் சாய்வாக விழும் மாலையில் பார்த்தால் ஒவ்வோர் ஓட்டின் விளிம்பும் தனித்தனியே நிழல் காட்டும்.